யாருக்கு இல்லாள், யாருக்குத் தோழி

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வாசலோடு நின்றுவிடுகிறார்கள். காரணம் உண்டு. நுழைவாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரண்டு நிற்கின்றன. படம் பிடிக்காமல் அவற்றை யாராலும் தாண்ட முடிவதில்லை. சாவு எல்லோருக்கும் பொது என்று அவை சொல்வதாகப் பார்க்க வருகிறவர்களும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். உள்ளே போய்க் கற்களைப் படித்தால் அந்தப் பேச்சு நிற்பதில்லை. சாவு பொதுவாக இருக்கலாம். கல் பொது இல்லை.

திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலிருந்து அதிக தூரம் இல்லாத ஏரிக்கரை ஊர் பழவேற்காடு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் இங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டியது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுவே தலைமையிடம். கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. கல்லறைகள் தப்பிவிட்டன. 1631 முதலான ஆண்டுகள் பொறித்த கற்கள் அங்கே கிடக்கின்றன. கிடத்திவைத்த பெரும்பலகைகள், குலச்சின்னங்கள், தலைக்கவசங்கள், கொடிக்கருக்கு, மண்டையோடு என்று அந்த நூற்றாண்டின் டச்சுக் கல்லறைக் கலைக்கு உரிய அத்தனையும் நம் ஊர் உப்புக்காற்றில் நிற்கின்றன. இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது.

இலக்கியம் கற்பிப்பவள் என்பதால் கல்லறைக் கல்லை ஒரு சிறு இலக்கிய வடிவமாகவே எனக்குப் படிக்கத் தோன்றுகிறது. வெண்பாவைப்போல அதற்கும் கட்டுப்பாடு உண்டு. இடம் குறைவு, செதுக்கக் கூலி உண்டு, ஒருமுறை வெட்டினால் திருத்த முடியாது. அதனால் எதைச் சொல்லாமல் விடலாம் என்பதைக் கல் முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகிறது. கம்பெனிக் காலத்து டச்சு ஆணின் கல்லில் பெயர், பதவி, ஊர், இறந்த நாள், வாழ்ந்த வயது என்று வரும். வயதை ஆண்டு, மாதம், நாள் என்று எண்ணிச் சொல்லும் கற்களும் உண்டு. கணக்குப்பிள்ளைகளின் கம்பெனி அல்லவா! பெண்ணின் கல்லில் பதவி இருக்க வேண்டிய இடத்தில் 'ஹௌஸ்ஃப்ரௌ' என்ற சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிரித்துப் பார்த்தால் 'வீட்டுப்பெண்'. இன்னாரின் வீட்டுப்பெண் என்பதே அவளுக்குரிய பதவி.

மொழி தெரியாத மாணவிகளுக்கு இதை விளக்குவது எளிதாக இருந்தது. நம்மிடமும் இல்லிலிருந்து இல்லாள், மனையிலிருந்து மனைவி. தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே கட்டடத்தில் பெண்ணைக் குடிவைத்திருக்கின்றன. ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். அந்த நூற்றாண்டின் டச்சுப் பெண் திருமணத்துக்குப் பின்னும் பிறந்தவீட்டுப் பெயரைக் கைவிடுவதில்லை. எனவே கணவன் பெயருக்கு முன்னால் அவள் பெயர் அவள் பெயராகவே நிற்கும். அந்தப் பெயருக்குள்ளும் தகப்பன் இருக்கிறான் என்பது வேறு விஷயம்.

முதுகலைத் தமிழ் மாணவிகளை அங்கே அழைத்துப்போன அன்று நான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, தொழிற்பேட்டையில் அம்மா வேலை பார்க்கும் ஒரு பெண் கேட்டாள்: "மேம், அந்த அம்மா என்னா வேலை செஞ்சாங்கன்னு ஒரு வார்த்தகூட எழுதலையே?" நான் பதில் சொல்வதற்குள் இன்னொருத்தி முந்திக்கொண்டாள்: "கப்பல்ல அவ்ளோ தூரம் வந்ததே வேலதான்டி." இந்த இரண்டு வாக்கியங்களுக்கு மேல் அந்தக் கற்களைப் பற்றிய நல்ல விமரிசனத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

புத்தகங்கள் இருக்கின்றன. சென்னை மாகாணத்து டச்சுக் கட்டடங்களையும் கல்லறைகளையும் அலெக்சாண்டர் ரீ 1897இல் அளந்து வரைந்து வெளியிட்டார். 1905இல் ஜே. ஜே. காட்டன் மாகாணக் கல்லறை வாசகங்களைத் தொகுத்தார். இரண்டும் பெரிய உழைப்பு. கல் தேய்ந்த பிறகும் எழுத்து நமக்குக் கிடைப்பது இப்படிப்பட்ட வேலைகளால்தான். ஆனால் பட்டியல் என்பது கல் உள்ளவர்களின் பட்டியல். பஞ்ச காலங்களில் இந்தக் கரையில் விலைக்கு வாங்கப்பட்ட ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக ஆயிரக்கணக்கானவர்களைக் கம்பெனிக் கப்பல்கள் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு ஏற்றிப்போயின. பழவேற்காடு அந்த வாணிகத்தின் முக்கியத் துறைகளில் ஒன்று. அந்தப் பெண்கள் கம்பெனியின் கப்பல் கணக்கில் எண்ணிக்கையாக வருகிறார்கள். கல்லறைத் தோட்டத்திலிருந்து சற்றுத் தூரத்தில் இருந்த துறையில்தான் அவர்கள் படகேறியிருப்பார்கள். குலச்சின்னத்தின் பூவேலையை வியக்கும்போது இதையும் சேர்த்து நினைக்காவிட்டால் நம் ரசனை அரைக்கண் ரசனை.

சிலுவை செதுக்கிய கல் என்று தேடினால் நம் பக்கத்தில் பழவேற்காட்டை விடப் பழையது பரங்கிமலையில் இருக்கிறது. 1547இல் போர்த்துக்கீசியர் அங்கே கோயிலுக்காகத் தோண்டியபோது கிடைத்த கல் அது. மொட்டு முனைகள் கொண்ட சிலுவை, மேலிருந்து இறங்கும் புறா, இருபுறமும் தூண், வளைவைக் கவ்வும் மகரங்கள். மகரம் நம் கோயில் தோரணத்தில் இருக்கும் அதே மகரம்தான். வளைவைச் சுற்றிப் பாரசீகத்துப் பகலவி எழுத்து. இதே வாசகம் கோட்டயம் முதலான கேரள ஊர்களின் சிலுவைக் கற்களிலும் இருக்கிறது. படித்த அறிஞர்களிடையே வேறுபாடுகள் இருந்தாலும் சாரம் இதுதான்: இன்னாரின் மகன் இன்னார் மேல் கிறிஸ்து இரங்க வேண்டும். சிலுவையை உண்டாக்கியவனின் வேண்டுதல். அங்கும் மகன், தந்தை. பகலவி தெரியாமல் நூற்றாண்டுகளாக அந்தக் கல்லின் முன்னால் மண்டியிட்ட பெண்களுக்கு அது யார் பெயர் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரியாமலே அந்த மனிதனுக்காகவும் சேர்த்து அழுதிருக்கிறார்கள்.

கல்லில் பெண் தன் பெயராலேயே நிற்க முடியாதா என்ற கேள்வியோடு தேடியபோது எனக்குக் கிடைத்த இடம் வெகுதூரத்தில் இருந்தது. இங்கிலாந்தின் வடக்கே, ஆங்கிலோ-சாக்சன் காலத்தில், ஏழாம் எட்டாம் நூற்றாண்டுகளில் கற்சிலுவைகள் நாட்டும் வழக்கம் பரவியது. மாதாகோயில் முற்றங்களில் ஆளை விட இரண்டு மூன்று மடங்கு உயரத்தில் அவை நிற்கும். ஸ்காட்லாந்து எல்லையோரத்து ரூத்வெல் சிலுவை அவற்றில் பேர்போனது. பதினேழாம் நூற்றாண்டில் சிலை வழிபாட்டுக்கு எதிரானவர்கள் அதை உடைத்துப் போட்டார்கள். பிறகு துண்டுகளைச் சேர்த்து நிறுத்தி, இப்போது கோயிலுக்குள் வைத்திருக்கிறார்கள். அதன் பெரிய புடைப்புச் சிற்பம் இயேசுவின் காலடியில் குனிந்து தன் கூந்தலால் பாதம் துடைக்கும் பெண். அந்தக் கை உடம்பின் அளவுக்குப் பொருந்தாமல் பெரிதாக இருக்கும். சிற்பியின் பிழை என்று சிலர் நினைக்கலாம். துடைக்கிற கைதான் அங்கே கதை என்று நான் நினைக்கிறேன். ஓரங்களில் ரூன் எழுத்தில் ஒரு கவிதையின் வரிகள் ஓடுகின்றன. சிலுவை மரமே தன் வாயால் பேசும் கவிதை அது. நம் நடுகற்கள் இறந்தவனைப் பற்றிப் படர்க்கையில் பேசும். தன்மையில் பேசும் கல்லைக் கண்டு எந்தக் கவிஞருக்கும் கொஞ்சம் பொறாமை வரும்.

ஆனால் நான் தேடியது அந்தப் பெருஞ்சிலுவையில் இல்லை. கம்பிரியாவின் பியூகாசில் கோயில் முற்றத்தில் தலையிழந்து நிற்கும் சிலுவையில், தேய்ந்த ரூன்களுக்கிடையே கினிபர்க் என்ற பெண்ணின் பெயர் படிக்கக் கிடைக்கிறது. அதைவிட முக்கியமான கற்கள் ஹார்ட்டில்பூல் என்ற கடற்கரை ஊரில் 1833இல் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. ஒரு சாணுக்கு முன்பின்னான சிறு பலகைகள். நடுவில் சிலுவை. சிலுவை பிரித்த கட்டங்களில் எழுத்து. ஹில்டித்ரித் என்று ஒன்று. ஹில்டிகித் என்று ஒன்று. பெர்க்ட்கித் என்று ஒன்று. அவ்வளவுதான். யார் மகள், யார் மனைவி, எத்தனை வயது, எதுவும் இல்லை.

ஏன் அங்கே மட்டும் முடிந்தது? அந்த மடத்தை நிறுவியவர் ஹியூ என்ற பெண். 649 வாக்கில் தலைமை ஏற்றவர் ஹில்ட் என்ற பெண். பின்னாளில் விட்பி மடத்தையும் அவர்தான் நடத்தினார். ஆண் துறவிகளும் இருந்த மடம், ஆனால் சாவி பெண்ணின் இடுப்பில். அங்கே எழுத்தறிந்த பெண்கள் இருந்தார்கள், மடத்துக்கென்று நிலம் இருந்தது, கல் வெட்டச் சொல்லும் அதிகாரம் இருந்தது. ஹில்ட் அரச குடும்பத்தவர் என்பதையும் மறைக்கக் கூடாது. அந்த மடத்துக்கு மாடு மேய்த்தவனின் மனைவிக்குக் கல் கிடைத்திருக்காது. இருந்தாலும் ஒரு செய்தி தெளிவாகிறது. பெண்ணின் பெயர் தனியாக நிற்பதற்குத் தேவைப்பட்டது அவளுடைய பெருமை அல்ல, அவள் பெயரில் ஒரு வீடு. 'இல்லாள்' என்ற சொல்லுக்கு இல்லத்தை ஆள்பவள் என்று பட்டிமன்ற மேடையில் பொருள் சொல்கிறவர்கள், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதையும் கேட்டுவிட்டு உட்காரலாம்.

இனி நம் நடுகல்லுக்கு வருகிறேன். தொல்காப்பியம் காட்சி, கால்கோள் என்று தொடங்கி ஆறு படிகளில் கல்நாட்டலை வகுத்திருக்கிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களில் தமிழி எழுத்தே இருக்கிறது. ஆநிரைப் போரில் செத்தவனின் பெயர். செங்கம் பகுதிக் கற்கள் பல்லவர் காலத்தை நமக்குத் திறந்துகாட்டின. இந்த ஆய்வுகள் இல்லையென்றால் என் வகுப்பறையே இல்லை. ஆனால் 'வீரம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாக் கற்களையும் அடுக்கிவைக்கும் பழக்கம் நம் பாடநூல்களை விட்டுப் போகவில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. நிரை காக்கும் சண்டையில் தலைவன் இறந்தான். அவனுடைய நாய் கள்வரைக் கடித்துக் காவல் நின்றது. நாயின் பெயர் கோவிவன். கல்லில் நாயின் உருவமும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்தில் சண்டையில் செத்த கோழிக்குக் கல் இருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது முதலில் சிரிப்பார்கள். பிறகு யாராவது ஒருத்தி, "அந்தத் தலைவனோட பொண்டாட்டி பேரு?" என்று கேட்பாள். சிரிப்பு நின்றுவிடும். நாய் செய்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த நாய்க்குச் சோறு வைத்தவள் யார் என்றுதான் கேட்கிறேன்.

பெண்ணுக்கும் கல் உண்டே, சதிக்கல் இருக்கிறதே என்பார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமும் கன்னட தேசத்திலும் காணப்படும் மாசதிக் கற்கள் சிலவற்றில் பெண் முழுதாக இல்லை. ஒரு தூண், அதிலிருந்து கிளைத்து மேலே உயர்ந்த ஒரு கை, கை நிறைய வளையல், விரல்களுக்கிடையே எலுமிச்சம்பழம். உடல் எரிந்துவிட்டது. வளையல் எரியவில்லை. கணவன் போனபின் உடைந்திருக்க வேண்டிய வளையல் உடையாமல் இருப்பதுதான் அந்தக் கல் அவளுக்குத் தரும் பரிசு. இதைப் பெண்ணுக்குச் செய்த மரியாதை என்று எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு ரூத்வெல் பெண்ணின் கை நினைவுக்கு வருகிறது. அங்கேயும் கைதான் பெரிது. ஆனால் அந்தக் கை ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறது, அவள் உயிரோடு இருக்கிறாள். நம் ஊர்களின் தீப்பாய்ந்த அம்மன் கோயில்களில் அந்தப் பெண்ணின் இயற்பெயரைக் கேட்டுப் பாருங்கள். அம்மன் என்பார்கள். தெய்வமாக்குவது பெயரை அழிக்கும் மிக மரியாதையான வழி.

நடுகல்லை எழுதிய பெண்கள் இருந்தார்கள் என்பதையும் இதே மூச்சில் சொல்ல வேண்டும். கல்லில் அல்ல, பாட்டில். அதியமானின் நடுகல்லுக்கு முன்னால் நின்று, ஊற்றுகிற கள்ளை அவன் ஏற்பானா என்று கேட்டவர் ஔவையார். நாள்தோறும் நடுகல்லைத் தொழுது விருந்தினர் வர வேண்டும் என்று வேண்டுகிற பெண்ணைப் பாடியவர் அள்ளூர் நன்முல்லையார். ஓலையைப் பெயர்த்தெழுதி வந்தவர்கள் இவர்கள் பெயர்களை விடாமல் வைத்திருந்தார்கள். கரையான் தின்னும் ஓலை காப்பாற்றியதைக் கருங்கல் காப்பாற்றவில்லை.

ஒரு மறுப்பு வரும். சோழர் கல்வெட்டுகளில் பெண் பெயர்கள் நிறைந்திருக்கின்றனவே? உண்மை. செம்பியன் மாதேவியின் கொடைகள் இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர்களை ராசராசன் வெட்டவைத்தான். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்டவள், எல்லாம் உண்டு. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு, பங்குக்கு நூறு கலம் நெல். தமிழில் இத்தனை பெண்களின் பெயர்களை ஒரே இடத்தில் வைத்திருக்கும் பழைய பிரதி வேறு எதுவும் எனக்கு நினைவில்லை. அதை என்னவென்று அழைப்பது? நினைவுக்கல் அல்ல. சம்பளப் பட்டியல். ஒருத்தி இறந்தால் அந்தப் பங்கு யாருக்குப் போக வேண்டும் என்பதற்கும் அங்கே ஏற்பாடு உண்டு.

கும்மிடிப்பூண்டியில் இருந்துகொண்டு இந்தக் கல்வெட்டைப் படிப்பது தஞ்சையில் இருந்து படிப்பதைப் போல அல்ல. என் மாணவிகளின் அம்மாக்களுக்குத் தொழிற்பேட்டையில் எழுத்தில் பெயர் இருக்கும் இடம் வருகைப் பதிவேடும் இ.எஸ்.ஐ. அட்டையும்தான். ஒப்பந்தக்காரர் மூலம் போகிறவர்களில் பலருக்கு அதுவும் உறுதியில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வரிசை வீடுகளில் தங்கியிருக்கும் பெண்களின் பெயரை வீட்டுக்காரரே சரியாகச் சொல்வதில்லை. தளிச்சேரிப் பெண்டுக்கு வீட்டு எண்ணாவது இருந்தது.

இறந்தபின் கதை வேறு மாதிரிப் போகிறது. இப்போது நம் நடுகல் ஃபிளெக்ஸ். ஜி.என்.டி. சாலையிலும் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியிலும் 'கண்ணீர் அஞ்சலி' பதாகைகளை நான் சில வருடங்களாக விமரிசகியின் கண்ணோடு படித்துவருகிறேன். கலை வடிவம் என்று பார்த்தால் நல்ல வளர்ச்சி. மேலே மேகம், புறா. பரங்கிமலைக் கல்லில் இறங்கும் அதே புறாதான், இங்கே கணினியிலிருந்து இறங்குகிறது. நடுவில் வட்டத்துக்குள் அந்த அம்மாவின் படம், பெரும்பாலும் ஆதார் அட்டைக்கு எடுத்தது, தோளில் பட்டுப்புடவையை ஒட்டவைத்திருப்பார்கள். தோற்றம், மறைவு. தோற்றத்துக்கு நேரே ஆண்டு மட்டும் இருக்கும், நாள் யாருக்கும் தெரியாது. கீழே மகன்கள், மருமகன்கள், பேரன்கள், அவரவர் பதவி, கட்சி வட்டம். மகள் பெயர் இருந்தால் மருமகன் பெயருக்குப் பின்னால். அவள் முப்பது வருடம் களையெடுத்தாள், மீன் விற்றாள், கம்பெனியில் பேக்கிங்கில் நின்றாள் என்பதற்கு அங்கே இடம் இல்லை. டச்சுக் கல்லின் இலக்கணம் ஒரு எழுத்து மாறாமல் வினைலில் வந்துவிட்டது. கல்லறைத் திருநாளன்று கிறித்தவக் குடும்பத்துப் பெண்கள் கல்லறைக்குப் போய்ப் புல் பிடுங்கி, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூப் போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். மற்றப் பெண்களுக்குச் சுடுகாட்டுப் பாதையே தெருமுனையோடு முடிந்துவிடுகிறது. கல்லைத் துடைக்கும் கைக்குக் கல்லில் எழுதும் உரிமை இன்னும் வரவில்லை.

அந்த இலக்கணத்தைத் திருப்பிப்போட்ட ஓர் இடம் தமிழில் இருக்கிறது. வஞ்சிக்காண்டம். கண்ணகிக்குக் கல் எடுக்கச் செங்குட்டுவன் இமயம் போனதை, தோற்ற மன்னர் தலையில் அதை ஏற்றியதை, கங்கையில் நீராட்டியதை நாம் திரும்பத் திரும்பப் பாடம் நடத்துகிறோம். அது அரசனின் கதை, அவன் படையெடுப்பின் கதை. அவள் பத்தினியானதால் கிடைத்த கல் என்பதும் நமக்குத் தெரியும். அதையும் கடந்து வாழ்த்துக் காதைக்கு வாருங்கள். கல் நாட்டி முடிந்தபின் புகாரிலிருந்தும் மதுரையிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். தேவந்தி வருகிறாள், வளர்த்த காவற்பெண்டு வருகிறாள், அடித்தோழி வருகிறாள், மாதரியின் மகள் ஐயை வருகிறாள். அரசன் முன்னால் அவர்கள் தங்களை அறிமுகம் செய்துகொள்ளும் விதத்தைக் கவனியுங்கள். யாரும் தன் கணவன் பெயரைச் சொல்வதில்லை, தகப்பன் பெயரைச் சொல்வதில்லை. தேவந்தி நான் இவளுக்குத் தோழி என்கிறாள். காவற்பெண்டு நான் இவளுக்குத் தாய் என்கிறாள். அடித்தோழியும் தோழி என்றே சொல்கிறாள். அதன்பிறகு மூவரும் அழுகிறார்கள், தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள், அரசன் கேட்டுக்கொண்டு நிற்கிறான்.